பல்கேரியாவுக்குக் கட்டும் காசும் பால் ஆலையில் வாங்கும் சம்பளமும்

அண்ணை, அக்கா,

போன சனிக்கிழமை நீங்கள் வந்திருந்தபோது உங்கள் மகள் பக்கத்தில் இருந்ததால் சிலதை விழுங்கிவிட்டேன். 2.1 நல்ல அபித்தூர் (பள்ளி இறுதிப் பரீட்சை) புள்ளிதான், இங்கே 1தான் ஆக உயர்ந்தது, பயப்படாதீர்கள் என்றேன். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் புள்ளிக்கு ஜேர்மனியில் மருத்துவபீடம் கிடைக்காது, அதனால் பல்கேரியாவுக்கு அனுப்பப் போகிறோம் என்று நீங்கள் சொன்னபோது தலையாட்டிக்கொண்டு இருந்தேனே, அது என் பிழை.

ஏஜென்ட் எழுதித் தந்த கணக்கையே எடுப்போம். கட்டணம் ஆண்டுக்கு 10,000 யூரோ. வாடகையும் சாப்பாடும் அதில் இல்லை. மாதம் 600 என்று இறுக்கிப் போட்டாலும் ஆண்டுக்கு 17,000 தாண்டும், 6 ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். சீட்டை எடுப்போம், வீட்டுக் கடனைக் கூட்டுவோம் என்றீர்கள் அண்ணை, 55 வயதில், முதுகு நோவோடு உணவகச் சமையலறையில் நிற்கிற நீங்கள். வேண்டாம். பிள்ளை உயிரைக் கொடுத்துக் கேட்கிற படிப்பு என்றாலாவது உட்கார்ந்து யோசிக்கலாம். அவள் கேட்கவே இல்லையே?

மருத்துவம் பற்றி நான் கேட்டதற்கு அவள் "ம்ம்" என்றாள், அவ்வளவுதான். பிறகு நீங்கள் இருவரும் காரை மாற்றி நிறுத்தப் போன நேரத்தில், பதினோராம் வகுப்பில் எங்கே பிராக்டிக்கும் (வேலை பழகும் பயிற்சி) செய்தாய் என்று சும்மா கேட்டேன். ஒரு பால் ஆலையில் மூன்று வாரமாம். மேசையில் கிடந்த கடித உறையைத் திருப்பிப் போட்டு ஒரு தாங்கியை வரைந்தாள். உறைந்த பாலைக் கம்பிக் கத்திகள் எப்படி வெட்டுகின்றன, பெரிய துண்டாக விட்டால் ஏன் சீஸ் மெத்தென்று வருகிறது, அரிசி அளவுக்குச் சிறிதாக வெட்டினால் ஏன் கட்டியாகிறது என்று நீங்கள் திரும்பி வரும்வரை நிறுத்தவில்லை. அந்த உறையை எறியாமல் வைத்திருக்கிறேன்.

கணினி, பொறியியல், வங்கி எல்லாவற்றையும் மாமாமார் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே அனுப்பியிருப்பார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை. நான் சொல்ல வந்தது மில்ஷ்டெக்னோலோகின், அதாவது பால் தொழில்நுட்பவியலாளர் என்ற அவுஸ்பில்டுங், சம்பளத்தோடு ஆலையில் பழகும் தொழிற்கல்வி. "பால் ஃபக்டரிக்குப் போகவா பிள்ளை அபித்தூர் எடுத்தது?" என்று லண்டன் சித்தி கேட்பா. கேட்கட்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உற்பத்தித் தொழில்களில் ஆகக் கூடுதலான பேருக்கு வேலை கொடுப்பது கார் இல்லை, உணவு. 45 லட்சம் பேருக்கு மேல். ஆனால் போட்டித்திறன் பற்றி 2024 செப்டம்பரில் இத்தாலியின் முன்னாள் பிரதமர் மரியோ திராகி ஒன்றியத்துக்குக் கொடுத்த அறிக்கை பத்துத் துறைகளைத் தனித்தனியாக எடுத்துப் பேசுகிறது, சிப் இருக்கிறது, கார் இருக்கிறது, மருந்து, ஆயுதம், விண்வெளிகூட இருக்கிறது, உணவு உற்பத்தி இல்லை. பிரஸல்ஸில் இருக்கிற ஒன்றியத்தாருக்கு உணவு என்றால் விவசாயி, தொழிற்சாலை என்றால் எஃகு. நடுவில் நிற்கிற பால் ஆலை எந்தக் கண்ணிலும் படுவதில்லை. மேலேயிருந்து கை கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் ஆலை தன் செலவைத் தானே குறைத்தால்தான் பிழைக்கும், அதைக் குறைக்கத் தெரிந்த ஆளை இலேசில் விடாது.

பாலில் 87 வீதம் தண்ணீர். பாலைப் பால்மாவாக்குவது என்றால் அந்தத் தண்ணீரை விரட்ட வேண்டும், விரட்ட வெப்பம் வேண்டும், வெப்பத்துக்குப் பெரும்பாலும் எரிவாயு. 2022இல் எரிவாயு விலை ஏறியபோது ஆலைகள் ஏன் அலறின என்று இப்போது விளங்கும். முதலில் வெற்றிடத்தில், குறைந்த சூட்டிலேயே கொதிக்க வைத்து, ஏறக்குறையப் பாதி திண்மமாகும்வரை சுண்ட வைப்பார்கள்; அப்புறம்தான் பல மாடி உயரக் கோபுரத்தின் உச்சியில், 180 பாகை அளவுக்குச் சூடான காற்றுக்குள் தூறலாகத் தெளிப்பார்கள். சுண்ட வைப்பது மலிவு, கோபுரம் விலை கூடியது. முதல் கட்டத்தில் எவ்வளவு தண்ணீரை எடுப்பது, எங்கே நிறுத்துவது என்று திரைக்கு முன்னால் இருந்து பார்ப்பவர்தான் அந்த ஆலையின் எரிவாயுக் கட்டணத்தைத் தீர்மானிக்கிறார். உங்கள் மகள் படிக்கப் போவது அந்த வேலையை.

இன்னொன்று. ஒரு கிலோ சீஸுக்கு ஏறக்குறைய 10 லீற்றர் பால் போகும், மிச்சம் 9 லீற்றர் மோர்த்தண்ணீர். ஒரு காலத்தில் அது பன்றிக்குப் போனது. இன்றைக்கு அதை நுண்ணிய சவ்வுகளில் வடிகட்டிப் புரதம் எடுக்கிறார்கள். ஜிம்முக்குப் போகிற உங்கள் மூத்தவன் பெரிய டப்பாவில் வாங்கி வைத்திருப்பது அதுதான், விலையை அவனிடமே கேளுங்கள். ஆகவே ஆலையைத் தேடும்போது வெறுமனே பால் பெட்டி நிரப்புகிற இடம் வேண்டாம். இந்த நாட்டு மளிகை வணிகத்தின் பெரும்பகுதி நான்கு குழுமங்களின் கையில் இருக்கிறது, அவர்களிடம் பால் விலை பேசுகிற ஆலைக்குச் சில்லறைதான் மிஞ்சும். சீஸும் மோர்ப் புரதமும் சேர்த்துச் செய்கிற இடமாகப் பாருங்கள்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பால் உற்பத்தி செய்யலாம் என்று ஒன்றியம் வரம்பு போட்ட ஒதுக்கீட்டு முறை 2015இல் போன பிறகு விலை ஏறி இறங்குகிறது. ஆர்லா, டிஎம்கே என்ற இரண்டு பெரிய பால் நிறுவனங்கள் இணையப் போவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தன. இப்படி இணையும்போது ஒரே வேலை செய்கிற இரண்டு ஆலையில் ஒன்று மூடப்படலாம். சீனா 2024இல் ஐரோப்பியப் பால் பொருள்மீது விசாரணை தொடங்கியது, அமெரிக்கா அடுத்த ஆண்டு 15 வீத வரி போட்டது. சரி, எது பாதுகாப்பு? ஃபோக்ஸ்வாகன் 2030க்குள் 35,000 வேலைகளைக் குறைக்க ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பால் ஆலை மூடினால், குழாயும் வால்வும் சூடாக்கிக் கிருமி கொல்லும் இயந்திரமும் தெரிந்தவளுக்குப் பழச்சாறு, பியர், குழந்தை உணவு என்று பக்கத்துக் கதவுகள் இருக்கின்றன.

அவுஸ்பில்டுங் 3 ஆண்டு. அபித்தூர் இருந்தால் குறைத்துக் கேட்கலாம். 2025இல் தொடங்கியோருக்குச் சட்டப்படி முதல் ஆண்டில் மாதம் 682 யூரோவுக்குக் குறையக் கூடாது என்று இருந்தது, பெரிய ஆலைகள் அதைவிடக் கூடவே கொடுக்கின்றன. அண்ணை, இது நீங்கள் கட்டுவது இல்லை, அவள் வாங்குவது. முடித்த பிறகு படிக்க ஆசை வந்தால் ஹனோவர் உயர்கல்லூரியில் பால்துறை உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது, படிப்புக் கட்டணம் இல்லை. இல்லையென்றால் மைஸ்டர் என்ற மேல்நிலைத் தொழில் தகுதி எடுக்கலாம், அதுவும் தகுதி வரிசையில் பட்டத்துக்குச் சமமான ஆறாம் படிதான்.

காலை ஐந்து மணி ஷிஃப்ட் இருக்கும், நனைந்த தரை, வெள்ளை பூட்ஸ், தலைவலை, இரைச்சல். அக்கா இதற்குத்தான் முகத்தைச் சுளிப்பீர்கள் என்று தெரியும். அவள் மூன்று வாரம் அந்த நனைந்த தரையில் நின்றுவிட்டு வந்துதான் அந்த உறையில் வரைந்தாள்.

ஏஜென்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். வருகிற சனிக்கிழமை அவளைத் தனியாக அனுப்புங்கள், விண்ணப்பக் கடிதத்தை அவளே எழுதட்டும், டொச் (ஜேர்மன் மொழி) பிழை மட்டும் நான் பார்க்கிறேன். லண்டனிலிருந்து அழைப்பு வந்தால் என் இலக்கத்தைக் கொடுங்கள்.