பெருங்குடல் புற்றுநோய்: மரபணு விழிப்பதும் உறங்குவதும்

நோய்க்குறியியல் ஆய்வகத்தில் திசுக்களைப் பார்ப்பது என் வேலை. பெருங்குடல் புற்றுநோய் பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களைக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே பயம்தான்: "மரபணுவில் இருந்தால் தப்பிக்க வழியில்லையா?" இருக்கிறது.

கேள்வி (ஈசூன்): அக்கா, உடம்பு முழுக்க ஒரே மரபணுக்கள்தானே? குடலில் மட்டும் ஏன் கட்டி வருகிறது?

மரபணு இருப்பது வேறு, வேலை செய்வது வேறு தம்பி. குடலின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் நிறைய உண்டு. குழியின் அடியில் 'பெருகு' என்று சொல்லும் மரபணுக்கள் விழித்திருக்கும். அங்கே பிறக்கும் செல்கள் மேலே ஏற ஏற அவை உறங்கிவிடும். சில நாளில் செல் உச்சிக்கு வந்து உதிர்ந்துபோகும். உறங்க வைப்பதில் ஏபிசி என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு. பீட்டா கேட்டனின் என்ற புரதம் உட்கருவுக்குள் சேர்ந்து 'பெருகு' மரபணுக்களை எழுப்பாதபடி அதைச் சிதைக்க உதவுவது ஏபிசிதான். அது பழுதானால், மேலே வந்த செல்லும் இன்னும் அடியிலேயே இருப்பதுபோலப் பெருகும். பாலிப் என்ற சிறு சதைக்கட்டி குடல்சுவரில் அப்படித்தான் முளைக்கிறது.

பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டில் ஏபிசி பழுது உண்டு. அதன்மேல் கேராஸ், டிபி53 என்று இன்னும் சில மரபணுக்கள் கெட வேண்டும். இந்தப் படிவரிசையை 1990இல் ஃபியரன், ஃபோகல்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு போல ஆகும். எல்லாப் பாலிப்பும் மாறுவதும் இல்லை.

கேள்வி (அங் மோ கியோ): அம்மாவின் அறிக்கையில் 'எம்எல்எச்1 காணவில்லை' என்று இருக்கிறது. எங்களுக்கும் வருமா?

எம்எல்எச்1 என்பது டிஎன்ஏவைப் படியெடுக்கையில் வரும் எழுத்துப்பிழைகளைத் திருத்த உதவும் மரபணு; அது தரும் புரதத்துக்கும் அதே பெயர். நுண்ணோக்கியில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். எம்எல்எச்1 புரதம் உள்ள உட்கரு பழுப்பாகச் சாயமேறும். உங்கள் அம்மாவுடையது போன்ற கட்டியில் புற்றுசெல்கள் எல்லாம் வெறும் நீலமாக நிற்கும். அவற்றுக்கு நடுவே சிக்கிய வெள்ளை அணுக்கள் மட்டும் பழுப்பாக இருக்கும். சாயம் சரியாக வேலை செய்தது, புரதம்தான் இல்லை என்பதற்கு அவையே சாட்சி.

புரதம் இல்லாமல் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, மரபணுவின் எழுத்தே பிறவியில் பிழையாவது. அது லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரை நிலை, அந்தப் பிழை ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு. மற்றது, எழுத்து சரியாகவே இருந்தும் அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதித் துணுக்கு படிந்து மரபணு ஊமையாவது. வயதானவர்களிடம் அதிகம் பார்ப்பது இதைத்தான். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. கட்டியில் மெத்தில் படிவு, பிராஃப் என்ற மரபணு ஆகியவற்றுக்கான சோதனைகள் செய்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு முன் வீட்டில் யாரும் பயந்துகொண்டிருக்க வேண்டாம். இவ்வகைக் கட்டி பரவினாலும் நோயெதிர்ப்பு சிகிச்சை பலருக்கு நன்றாகக் கேட்கிறது.

கேள்வி (கிளமெண்டி): அப்பாவுக்குக் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. எப்படிப் போகிறது அங்கே?

மனம் கனக்கிறது அண்ணா. குடலின் இரத்தம் கல்லீரல் வாயில் சிரை வழியாக நேரே அங்கேதான் போகிறது, அதனால் முதல் நிறுத்தம் பெரும்பாலும் அதுவே. ஆனால் போக வேண்டுமானால் செல் முதலில் கூட்டத்தை விட்டுக் கழல வேண்டும். செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் மரபணுவை ஸ்நெயில், செப்1 போன்ற புரதங்கள் அடக்கும்போது பிடி தளர்கிறது. கட்டியின் ஓரத்தில் ஒன்று முதல் நான்கு செல்கள் மட்டும் தனியே நழுவி நிற்பதை நான் பார்ப்பதுண்டு. அறிக்கையில் அதைத் தவறாமல் குறிப்போம். போய்ச் சேர்ந்த இடத்தில் அதே மரபணு மறுபடி விழித்து, செல்கள் ஒட்டிக் குடியேறுவதும் உண்டு. கல்லீரலில் சிலவே இருந்தால் வெட்டி எடுக்க முடியும். அறுவை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி (ஜூரோங்): கணவருக்குக் கேராஸ் மாற்றமாம். பிள்ளைகளுக்கு?

இல்லை அம்மா. அது கட்டியில் மட்டும் உண்டான மாற்றம். சிகிச்சைக்குத்தான் அது முக்கியம்: செல்லின் மேற்பரப்பில் 'பெருகு' என்ற செய்தியை வாங்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற புரதத்தை அடைக்கும் செடுக்சிமாப் மருந்து இவருக்குப் பொதுவாகப் பலன் தராது, அதற்குக் கீழே செய்தியைக் கடத்தும் கேராஸ் தானே ஓயாமல் ஓடுவதால்.

கேள்வி (செங்காங்): அம்மாவுக்கு 58. மலப் பரிசோதனைப் பெட்டி அலமாரியிலேயே கிடக்கிறது, கூச்சப்படுகிறார்.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் சோதனை இது; 50 வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை அவசியம். குச்சியால் இலேசாகச் சுரண்டிக் குப்பிக்குள் போட்டு மூடினால் முடிந்தது, யாரும் பார்க்கப்போவதில்லை. பெட்டியில் காலாவதித் தேதியைப் பாருங்கள். கடந்திருந்தால் புதிது வாங்குங்கள். இரத்தம் இருப்பதாக வந்தால் கொலனோஸ்கோப்பியை, அதாவது குழாய்க் கேமராவால் குடலுக்குள் பார்க்கும் பரிசோதனையை, தள்ளிப்போடாதீர்கள். பாலிப்பாக இருக்கும்போதே அதை அங்கேயே எடுத்துவிடலாம்.