செப்டிக் டேங்குக்கு அப்புறம்தான் வீடு: அமெரிக்க கிராமப்புற கவுண்டிகள் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வருமானம் குறைந்தவர்களுக்கு வீடு கட்டித்தரும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். கவுண்டி என்பதை நம் மாவட்டம் போல நினைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் சுற்றிய கவுண்டிகளில் மொத்த ஜனத்தொகையே நம் ஊர் பேரூராட்சி அளவுதான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோவையிலிருந்து: கிராமத்தில் நிலம் மலிவு. அப்புறம் வீடு மட்டும் ஏன் மலிவாக அமைவதில்லை?

நிலம் மலிவு என்பதுதான் சிக்கலே. மரம், கம்பி, சிமென்ட் எல்லாம் நகரத்து விலைதான், லாரி வாடகை வேறு சேரும். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வருவார்கள், அந்த நேரத்துக்கும் காசு. இப்படிக் கட்டி முடித்த வீட்டை வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். சுற்றுவட்டாரத்தில் விற்ற பழைய வீடுகளை வைத்து விலை போடுவார், அது கட்டிய செலவைவிடக் குறைவாக வரும். வங்கி அந்த மதிப்புக்குத்தான் கடன் தரும். மிச்சத்தை யார் போடுவது? இந்தப் பள்ளத்தை மானியம் வைத்து அடைக்காமல் எங்களால் ஒரு வீடுகூட முடிக்க முடிந்ததில்லை.

திருச்சியிலிருந்து, ஒரு சிவில் மாணவி: தலைப்பில் செப்டிக் டேங்க் ஏன்?

அலபாமாவின் நடுவே 'பிளாக் பெல்ட்' என்று ஒரு பட்டை ஓடுகிறது. பெயர் மண்ணின் கருப்பு நிறத்தால் வந்தது. நம் கரிசல் மாதிரி களிமண் கலந்தது, பருத்திக்கு அருமை, தண்ணீரை மட்டும் உள்ளே விடாது. சாதாரண செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண் உறிஞ்ச வேண்டும் இல்லையா? இங்கே உறிஞ்சாது. மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வரும். மேடு கட்டி, பம்பு வைத்துச் செய்கிற தனி அமைப்பு வேண்டும், அதற்குப் பல்லாயிரம் டாலர். வீடுகள் தூரத்துக்கு ஒன்றாக இருப்பதால் பாதாளச் சாக்கடையும் கட்டுப்படியாகாது.

சுமார் 10,000 பேர் வாழும் லௌண்ட்ஸ் கவுண்டியில் பலர் ஒரு குழாயை நேராகக் கொல்லைக்கு விட்டுவிட்டார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், மலம் கலந்த மண் வழியாகப் பரவும் கொக்கிப்புழுத் தொற்றின் தடயம் அங்கே கிடைத்தது. 2023இல் மத்திய நீதித்துறையும் மாநில சுகாதாரத் துறையும் இதைச் சரிசெய்ய ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. 2025இல் புதிய மத்திய அரசு அதை ரத்து செய்துவிட்டது. எனக்கு இது இன்னும் ஆறவில்லை. கழிவுநீருக்கு வழியில்லாத மனையில் வீட்டின் வரைபடத்தை விரித்து என்ன பயன்?

மதுரையிலிருந்து: அங்கேயும் பட்டா, வில்லங்கம் தகராறு உண்டா?

உண்டு, நீங்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். உயில் எழுதாமல் தாத்தா இறந்தார், அப்பாவும் இறந்தார், நிலம் பாகம் பிரிக்காமல் எல்லா வாரிசுகள் பேரிலும் நிற்கிறது. தெற்கே கறுப்பினக் குடும்பங்களிடம் இது மிக அதிகம். வக்கீலையும் நீதிமன்றத்தையும் நம்ப முடியாத காலத்தில் யார் உயில் எழுதுவார்கள்? அந்த மண்ணிலேயே பிறந்து, வரி கட்டி வருகிற பாட்டிக்குத் தெளிவான பத்திரம் இல்லை, எனவே கடனும் இல்லை. இன்னொரு ஆபத்து, எங்கோ இருக்கும் ஒரு வாரிசின் பங்கை வெளியாள் வாங்கி, நீதிமன்றம் போய் முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். இதைக் கட்டுப்படுத்த, மாநிலங்கள் விரும்பினால் ஏற்கக்கூடிய ஒரு மாதிரிச் சட்டம் 2010இல் வந்தது, அலபாமா 2014இல் ஏற்றது. நாங்கள் ஒரு குடும்பத்தில் கையெழுத்து வாங்க சிகாகோ, டெட்ராய்ட் என்று இரண்டு வருடம் தேடினோம். வீடு கட்ட நான்கு மாதம்தான் ஆனது.

டாலஸிலிருந்து: வரிச்சலுகைத் திட்டத்தில் அடுக்குமாடி கட்டலாமே?

மலிவு வாடகை வீடுகளில் முதலீடு செய்பவருக்கு வரியைக் குறைக்கும் அந்தத் திட்டம் 1986இல் வந்தது, இன்று நாட்டில் அத்தகைய வீடுகளின் முதுகெலும்பே அதுதான். ஆனால் வக்கீல், தணிக்கை, விண்ணப்பச் செலவு 100 வீட்டுக்கும் 12 வீட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வாடகை உச்சவரம்போ அந்தப் பகுதியின் நடுத்தர வருமானத்தை வைத்துக் கணக்காகிறது. ஏழைக் கவுண்டியில் வரம்பு தரைமட்டத்தில் இருக்கும், அதை வைத்துப் பராமரிப்பே ஓடாது.

சென்னையிலிருந்து, கட்டடக்கலை மாணவர்: 20,000 டாலர் வீடு உண்மையா?

உண்மை. ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் 'ரூரல் ஸ்டுடியோ', 1993இல் சாமுவேல் மாக்பீயும் டி.கே. ரூத்தும் தொடங்கியது, ஹேல் கவுண்டியில் இருக்கிறது. 2005 முதல் அதன் மாணவர்கள் '20கே' வீடுகள் கட்டினார்கள். பொருளுக்கு 12,000, கூலிக்கும் லாபத்துக்கும் 8,000 என்பது அப்போதைய கணக்கு. முதியோர் உதவித்தொகையில் வாழ்பவர்கூடக் கட்டக்கூடிய கடன் தவணையிலிருந்து பின்னோக்கி வந்த எண் அது. வீடுகள் அழகு, முன்திண்ணை உண்டு, காற்று வரும். மாணவர்கள் அவற்றை உள்ளூர்க்காரர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். வெளியே அதே வீட்டைக் கடனில் விற்கப் போனால் வேறு கதை. 20,000 டாலர் கடனுக்கும் 3 லட்சம் டாலர் கடனுக்கும் காகித வேலை ஒன்றே என்பதால் வங்கிக்கு ஆர்வமில்லை. சில ஊர்களில் இவ்வளவு சின்ன வீட்டுக்கு அனுமதியே கிடையாது. வடிவமைப்பை மட்டும் சரிசெய்தால் போதும் என்று நம்பும் உங்கள் வகுப்புத் தோழர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அட்லாண்டாவிலிருந்து: தொழிற்சாலையில் செய்து லாரியில் வரும் வீடு வாங்கலாமா?

ஜூன் 1976க்குப் பிறகு செய்தவை மத்திய அரசின் தரவிதிக்கு உட்பட்டவை, பயப்பட வேண்டாம். ஆனால் நிலம் உங்களுடையதா என்று முதலில் பாருங்கள். வாடகை மனையில் நிறுத்தினால் அது வண்டி மாதிரிதான் பதிவாகும், கடன் வட்டியும் கூடும். மனை வாடகையை ஏற்றினால் வீட்டைக் கழற்றி எளிதில் எடுத்துப் போகவும் முடியாது.

தஞ்சாவூரிலிருந்து: இங்கே அரசு 1.20 லட்சம் கொடுத்து நம்மையே கட்டிக்கொள்ளச் சொல்கிறது. அங்கே அப்படி ஒன்றும் இல்லையா?

ஓரளவு இருக்கிறது. 1960களில் கலிபோர்னியாவின் சான் வாகீன் பள்ளத்தாக்கு விவசாயக் கூலிகளிடம் தொடங்கிய முறை. சில குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, வேலையில் 65 சதவீதத்தைத் தாங்களே செய்யும். எல்லா வீடும் முடியும்வரை யாரும் குடிபோகக் கூடாது, அதனால் உன் வீடு என் வீடு என்ற பேச்சு எழாது. இதில் கிடைப்பது பெரும்பாலும் கடன், இனாம் இல்லை. கொடுப்பது வேளாண்மைத் துறை. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். 1949 வீட்டுவசதிச் சட்டம் விவசாயிகளின் வீட்டுப் பொறுப்பை அங்கே கொடுத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. முன்பணம் வேண்டாம், 33 வருடத் தவணை, வருமானம் மிகக் குறைவானால் வட்டி 1 சதவீதம்வரை இறங்கும். அதே துறையின் வாடகை வீடுகளுக்கு நேரம் சரியில்லை. 1960களிலிருந்து கட்டியவற்றின் கடன்கள் இப்போது முடிந்துவருகின்றன. கடன் முடிந்தால் வாடகை மானியமும் முடியும் என்பது விதி. 2024இல் 1,000 வீடுகள்வரை இதிலிருந்து விலக்கு கொடுத்துப் பார்க்க அனுமதி வந்தது. தேவைக்கு முன் அது சொட்டு நீர்.

மிசிசிப்பியிலிருந்து: பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 70 வயது, கூரை ஒழுகுகிறது. சொந்த வீடு. என்ன செய்யலாம்?

இதே வேளாண்மைத் துறையின் கிராம வளர்ச்சி அலுவலகத்துக்கு அவரை அழைத்துப் போங்கள். வருமானம் மிகக் குறைவாக இருந்து, 62 வயது நிரம்பி, கடன் கட்ட முடியாத நிலையில் இருந்தால், பழுதுபார்க்க 10,000 டாலர்வரை மானியம் உண்டு. கட்ட முடியுமென்றால் 1 சதவீத வட்டியில் 40,000வரை கடன், 20 வருடத் தவணை. போகும்போது வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் போங்கள். அது யார் பேரில் இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.