வெள்ளை நம்பர் பிளேட்டும் ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யும்

கேள்வி: சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு நால்வராக வாடகை காரில் சென்றோம். வழியில் சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றிலும் நிறுத்துவதாகப் பயண ஏற்பாட்டாளர் வாட்ஸ்அப்பில் எழுதித் தந்தார். 14,000 ரூபாயை முன்பே அனுப்பிவிட்டேன். வந்தது வெள்ளை நம்பர் பிளேட் கார், அதுவும் தாமதமாக. சிதம்பரத்தில் நடை சாத்திவிட்டார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகவே இல்லை. கேட்டதற்கு டிரைவர் மரியாதையில்லாமல் பேசினார். அணைக்கரை அருகே, நின்றிருந்த டிராக்டரில் மோதியதில் என் மாமியாருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. டிரைவர் கெஞ்சியதால், கோயில் படியில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டோம். இரண்டு மாதம் ஆகிறது. ஒரு தாளில் நானும் மாமியாரும் கையெழுத்துப் போட்டால் முழு வாடகையையும் திருப்பித் தருவதாக ஏற்பாட்டாளர் சொல்கிறார். மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி டிரைவரின் பேச்சைப் பற்றியும் பார்க்காமல் போன கோயில்களைப் பற்றியும்தான் இருக்கிறது. இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அந்தக் குறைக்காகக் கிடைக்கக்கூடிய தொகை, அவர் இப்போது தர முன்வந்திருப்பதைவிட அதிகமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்த விஷயத்தை 14,000 ரூபாயோடு முடித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பார்க்கப்போவது மாமியாரின் கையை. அதற்கான மனுவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

உங்களை உண்மையில் வீழ்த்தக்கூடியது ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த ஒரு வரி. வக்கீல்கள் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் விபத்துப் பதிவேட்டு நகலைத்தான் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் கையில் எடுப்பார். ‘வழுக்கி விழுந்தார்’ என்று அதில் இருந்தால், விபத்தே நடக்கவில்லை என்று வாதிடுவார். டிரைவர் மேல் இரக்கப்பட்டு இப்படிச் சொல்லிவிட்டு, பிறகு என் மேஜைக்கு முன்னால் அழுத கட்சிக்காரர்கள் பலர். பதிவேட்டை மாற்றச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அலையாதீர்கள். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, டிரைவர் கேட்டுக்கொண்டதால் அப்படிச் சொன்னோம் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். புகார் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான விபத்துக் கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று 2011இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்கு நம்பும்படியான விளக்கம் வேண்டும். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, டிரைவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், காரில் இருந்த மற்றவர்களின் சாட்சியம் ஆகியவைதான் அந்த விளக்கத்தைத் தாங்கும். அந்த போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள்.

இரண்டாவது பள்ளம் வெள்ளை பிளேட். அது சொந்த உபயோகத்துக்கான கார். வாடகைக்கு ஓட்ட பெர்மிட் கிடையாது. வாடகைக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையை மீறியதாகச் சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க, மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆவது பிரிவு காப்பீட்டு நிறுவனத்துக்கு வழி தருகிறது. பெர்மிட் இல்லாத வண்டி வழக்கொன்றில், நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே பாதிக்கப்பட்டவர் சாலையில் சென்றவர். உங்கள் மாமியார் வாடகை கொடுத்து உள்ளே உட்கார்ந்திருந்தவர். அதே உத்தரவு உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

இந்த இடத்தில்தான் யாராவது வந்து, ‘தெரிந்தவர் கார், சும்மா ஏறி வந்தோம் என்று சொல்லிவிடுங்கள், இன்ஷூரன்ஸ் கிடைத்துவிடும்’ என்பார்கள். செய்யாதீர்கள். நீங்கள் பணம் அனுப்பிய விவரம் வங்கிக் கணக்கில் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால், உண்மையாக முறிந்த எலும்பைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

காப்பீட்டு நிறுவனம் விலகிக்கொண்டால் மிஞ்சுவது டிரைவரும் கார் உரிமையாளரும். அவர்கள் கையில் சொத்து இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதம். ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: இது சமரசமாக முடிக்க வேண்டிய வழக்கு. பணம் வாங்கிக்கொண்டு பெர்மிட் இல்லாத காரை அனுப்பிய ஏற்பாட்டாளரையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். கை எவ்வளவு குணமாகிறது, நிரந்தரக் குறைபாடு உண்டா என்று எலும்பு மருத்துவர் எழுதித் தரும் முன் தொகை பேசாதீர்கள். பேச்சு நீண்டாலும் மனுவை 6 மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். நிலுவையில் இருக்கும்போதும் சமரசம் செய்யலாம்.

அவர் நீட்டும் தாளில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வாசகம் இருந்தால் கையெழுத்திடக் கூடாது. பார்க்காமல் விட்ட இடங்களுக்காக வாடகையைத் திரும்பப் பெற்றதாக மட்டும் நீங்கள் ரசீது எழுதிக் கொடுங்கள். மாமியாரின் கையெழுத்து அதில் வேண்டாம். காயத்துக்கான தொகை முடிவானதும் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கே பதிவாவது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதற்கு மேல்முறையீடு கிடையாது, பணம் வராவிட்டால் நேராக நிறைவேற்று மனு போடலாம்.