பதினான்கு நாளில் பத்து நாடு வேண்டாம், டீச்சர்

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து போன ஆண்டு ஓய்வு பெற்றேன். கணவர் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். இருவருமே இதுவரை வெளிநாடு போனதில்லை. ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பங்கைப் பயணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். 'சாவதற்குள் பார்க்க வேண்டிய 50 இடங்கள்' என்று மருமகன் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். கணவரோ '14 நாளில் 10 நாடு' ஐரோப்பா பேக்கேஜுக்கு அட்வான்ஸ் கட்டிவிடலாம் என்கிறார். எனக்கு ஓடி ஓடிப் பார்ப்பதில் இஷ்டமில்லை. முட்டிவலி வேறு. சைவச் சாப்பாடுதான். ஒரே இடமானாலும் சரித்திரம் உள்ள இடமாக, நிதானமாகப் பார்க்க ஆசை. எங்கே போகலாம்?
– வாசகி, கரூர்

பதில்: டீச்சர், அட்வான்ஸ் கட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அதற்குள் அந்த பேக்கேஜின் நாள்வாரித் திட்டத்தை வாங்கி, சார் கையிலேயே ஒரு பென்சிலைக் கொடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நேராக 'உள்ளே போகிறோமா, வெளியே நின்று போட்டோவா' என்று அவரே குறிக்கட்டும். ரோமில் கொலோசியத்தை வெளியிலிருந்து காட்டிவிட்டு பஸ்ஸை எடுத்துவிடும் பேக்கேஜ்கள் நிறைய உண்டு. பிரசெல்ஸில் ஒரு சிறுவன் சிறுநீர் கழிக்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. உயரம் 55 சென்டிமீட்டர்தான். அதைப் பார்க்க ஒரு பஸ் கூட்டமே இறங்கி ஏறும். அதுவும் ஒரு 'நாடு' கணக்கில் சேர்ந்துவிடும்.

மருமகன் அனுப்பிய பட்டியலில் குற்றமில்லை. அது உங்கள் முட்டியைக் கேட்டுப் போட்ட பட்டியல் இல்லை, அவ்வளவுதான். பெருவின் மாச்சு பிச்சுவுக்குப் போகிறவர்கள் வழக்கமாக இறங்கும் குஸ்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மூச்சு வாங்கும். ஜோர்டானின் பெட்ராவில் மலைப் பிளவு வழியாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால்தான் படங்களில் பார்க்கும் அந்தப் புகழ்பெற்ற முகப்பே கண்ணில் படும். மேலே உள்ள 'மடாலயம்' வரை போக சுமார் 800 படிகள். எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் குனிந்தபடியே சரிவில் ஏற வேண்டும். முப்பது வயதில் கேட்டிருந்தால் மூன்றுக்கும் போகச் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு நான் சொல்வது ஒரே இடம்: பழங்காலக் கோயில்கள் நிறைந்த கம்போடியாவின் அங்கோர். தங்குவது சியம் ரீப் நகரில். ஒரு வாரம் அங்கேயே இருங்கள், வேறு ஊரைச் சேர்க்காதீர்கள்.

ஏன் அங்கோர்? பழைய கட்டடம் எதுவாக இருந்தாலும் அதன் கதை தெரியாவிட்டால் அரை மணி நேரத்தில் கண் சலித்துவிடும். ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களில் நம் ஆட்கள் பலர் பத்து நிமிடத்தில் வெளியே வந்து பெஞ்சு தேடுவது அதனால்தான். அங்கே உள்ள பெரிய கோயிலான அங்கோர் வாட்டின் சுவரில் இருப்பதோ, நீங்கள் இத்தனை வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த கதைகள். கைடு பேசும் ஆங்கிலம் புரியாவிட்டாலும் நஷ்டமில்லை.

அங்கோர் வாட்டைக் கட்டத் தொடங்கியவர் இரண்டாம் சூரியவர்மன் என்ற கெமர் மன்னர் (கெமர்கள் என்றால் கம்போடிய மக்கள்), 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். திருமாலுக்கு எழுப்பிய கோயில். பிறகு பௌத்தத் தலமாகிவிட்டது. சுற்றிலும் 190 மீட்டர் அகல அகழி. நடுக்கோபுரம் தரையிலிருந்து சுமார் 65 மீட்டர். வாசல் மேற்குப் பார்த்தது. முட்டிவலிக்காரர்களுக்கு நல்ல செய்தி: புகழ்பெற்ற புடைப்புச் சிற்பங்கள் எல்லாமே கீழ் அடுக்கின் வெளிச்சுற்று மண்டபத்தில், கூரை நிழலில் இருக்கின்றன. உச்சி அடுக்குக்குச் செங்குத்தான படி. அங்கே வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து மனசு சபலப்பட வேண்டாம், சாரை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் கீழேயே இருங்கள்.

சிற்பங்களின் வரிசைப்படி போனால் சுவர் உங்கள் இடக்கைப் பக்கம் வரும். பிரகாரத்தை வலமாகவே சுற்றிப் பழகிய கால் முதலில் தடுமாறும். இந்த இடச்சுற்றையும் மேற்கு வாசலையும் வைத்து, இது மன்னரின் ஈமக்கோயிலாகவும் இருந்திருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு.

மேற்கு மண்டபத்தில் ஒரு பாதி குருக்ஷேத்திரம். அம்புப் படுக்கையில் பீஷ்மரை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். மறுபாதி இலங்கைப் போர்: பத்துத் தலை, இருபது கையோடு ராவணன், அனுமன் தோள்மேல் நின்று அம்பு விடும் ராமன். தெற்கில் எமதருமன் எருமைமேல் பதினெட்டுக் கையோடு இருக்கிறார், சித்திரகுப்தனும் உண்டு. அந்தச் சுவரில் 37 சொர்க்கம், 32 நரகம். எந்தக் குற்றத்துக்கு எந்த நரகம் என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சொர்க்கங்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நரகங்களில்தான் சிற்பிக்குக் கை ஓடியிருக்கிறது.

கிழக்கு மண்டபத்துக்கு மட்டும் ஒரு முழுக் காலைப் பொழுதைக் கொடுங்கள். சுமார் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி. வாசுகியின் தலைப்பக்கம் 92 அசுரர், வால்பக்கம் 88 தேவர், நடுவில் ஆமைமேல் நின்ற மத்து, அதன்முன் திருமால். எல்லாரும் இதைத்தான் போட்டோ எடுப்பார்கள். நீங்கள் குனிந்து கீழ்ப்பட்டையைப் பாருங்கள். கடலுக்குள் மீனும் முதலையும் கூட்டமாகப் போகின்றன. மத்தை நெருங்க நெருங்க அவை துண்டு துண்டாக அறுபட்டுச் சிதறுகின்றன. கடையும் வேகத்தை மேலே இருக்கும் தேவர் உடம்பில் காட்டாமல், கீழே ஒரு மீனின் வெட்டுப்பட்ட வாலில் காட்டியிருக்கிறார் அந்தச் சிற்பி. வால் நுனியில் குரங்கு முகத்தோடு ஒருவர் இழுத்துக்கொண்டிருப்பார். பாற்கடல் கதையில் அனுமனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், கெமர்கள் கதையைக் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டவர்கள் இல்லை.

இதற்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். கூட்டமெல்லாம் மேற்கு வாசலில் சூரிய உதயத்துக்காக இருட்டிலேயே குளக்கரையில் நிற்கும். துக்துக் ஓட்டுநரிடம் 'கிழக்கு வாசல்' என்று சொல்லுங்கள். நடை குறைவு, கூட்டமும் குறைவு, நேராகப் பாற்கடல் மண்டபத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேருவீர்கள். கோயிலின் முகப்பைப் பார்க்க வேறொரு நாள் பிற்பகல் போங்கள். மேற்குப் பார்த்த கோயிலுக்கு மாலை வெயில்தான் அழகு.

அடுத்தது பான்தேய் ஸ்ரேய். அங்கோர் வாட்டிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். கி.பி. 967-ல் எடுத்த சிவன் கோயில். கட்டியவர் அரசர் இல்லை, யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். சின்னக் கோயில், சமதரை, ஏற வேண்டிய படி அதிகமில்லை. இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரவேலை மாதிரி நுணுக்கம். ராவணன் கைலாயத்தை அசைப்பது, வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கட்டுவது எல்லாம் நிலைகளுக்கு மேலே முக்கோண முகப்புகளில் இருக்கும்.

இங்கே உங்களுக்கென்றே ஒன்று உண்டு. கிழக்கு நுழைவாயில் முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில், ஒரு மூலையில், எலும்பும் தோலுமாக, மார்பு வற்றித் தொங்க ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். தன்னைக் 'காரைக்கால் பேய்' என்றே பாட்டில் சொல்லிக்கொண்டவரை, கடல் தாண்டி இவ்வளவு தூரத்தில் யாரோ ஒரு சிற்பி அதே பேயுருவில் செதுக்கியிருக்கிறார். சுற்றுலாக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த மூலை கண்ணிலேயே படாது. உங்களுக்குப் படும்.

அதற்காக 'அங்கோரைக் கட்டியது தமிழன்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக்கொண்டு போகாதீர்கள். கட்டியவர்கள் கெமர்கள். கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் கெமர் மொழியிலும். நம் பக்கத்துத் தொடர்பு உண்மையானது: கெமர் எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்தின் வழியில் வந்தது. அதுவே போதுமே, கோயிலையும் சேர்த்துக் கேட்பானேன்? பிரெஞ்சுக்காரர் ஆன்ரி மூவோ 1860-ல் 'கண்டுபிடித்தார்' என்பதும் இதே ரகம்தான். அவர் போனபோதும் அங்கே பிக்குகள் இருந்தார்கள்.

இனி சாரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? பொறியாளரிடம் சிற்பத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை, தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள். அங்கே மேற்கு பாராய் என்று மனிதர் வெட்டிய ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது, நீளம் சுமார் 8 கிலோமீட்டர், அகலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கோரின் மணற்கல் குலென் மலைப் பக்கத்திலிருந்து கால்வாய் வழியாக மிதந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பக்கத்திலேயே தோன்லே சாப் ஏரி. மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகும்போது, ஏரியிலிருந்து வடியும் ஆறு திசை திரும்பி ஏரிக்குள்ளேயே பாய ஆரம்பித்துவிடும். ஏரி நான்கைந்து மடங்கு விரியும். இதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.

அங்கோரிலேயே உள்ள தா புரோம், பாயோன் கோயில்கள் இரண்டும் ஏழாம் ஜெயவர்மன் என்ற கெமர் மன்னர் காலத்தவை. தா புரோம் என்பது மரவேர்கள் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும் கோயில். 1186-ல் தாயின் நினைவாக எடுத்தது. நம் தொல்லியல் துறை அங்கே பல ஆண்டுகளாகச் சீரமைப்பு வேலை பார்க்கிறது. தரை மேடுபள்ளம், பார்த்து நடக்க வேண்டும். பாயோனில் எல்லாரும் கோபுரத்து முகங்களைப் பார்க்க மேலே ஏறுவார்கள். நீங்கள் கீழ்ச் சுவரிலேயே நில்லுங்கள். சந்தையில் தராசு பிடிக்கும் பெண்கள், அடுப்படி, படகுச் சண்டை, சேவல்கட்டு என்று அன்றாடம் அத்தனையும் அங்கே உண்டு. சேவல்கட்டைப் பற்றிக் கரூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காரியத்துக்கு வருவோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். ஏப்ரல் வெயில் நம் ஊர் மாதிரியேதான், அதை அங்கே போய்ப் பட வேண்டாம். அனுமதிச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. ஏழு நாள் சீட்டே வாங்குங்கள், ஒரு மாதத்துக்குள் விட்டு விட்டுப் பயன்படுத்தலாம். காலை மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அறைக்குத் திரும்பிப் படுத்துவிட்டாலும் பணம் வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளாது. சீட்டில் உங்கள் போட்டோ இருக்கும், அதனால் அதிகாரபூர்வ கவுன்டரையும் இணையதளத்தையும் தவிர வேறு எங்கும் வாங்க வேண்டாம். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். புடவை, சுடிதார் எதுவும் சரி.

சாப்பாட்டில்தான் எச்சரிக்கை. 'காய்கறி மட்டும்' என்று கேட்டு வாங்கும் பொரியலிலும் மீன் சாறு விட்டிருப்பார்கள். அங்கே அது உப்பு போட்ட மாதிரிதான். 'மீன் சாறும் வேண்டாம்' என்பதைக் கெமர் மொழியில் ஒரு அட்டையில் எழுதித் தரச்சொல்லி ஓட்டல் வரவேற்பிலேயே கேளுங்கள். சியம் ரீப்பில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. இருந்தாலும் பருப்புப்பொடி ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். கடைகளில் அமெரிக்க டாலரே ஓடும், ஆனால் ஓரம் கிழிந்த நோட்டை யாரும் தொடமாட்டார்கள். இங்கே மாற்றும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

சென்னையிலிருந்து பாங்காக், கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூரில் விமானம் மாறிப் போகலாம். பாங்காக் வரை போய் அங்கிருந்து பஸ்ஸில் போனால் மலிவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2025-ல் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் சண்டையே நடந்தது, தரைவழியை நம்ப முடியாது. எல்லையோரக் கோயில்கள் பக்கமும் போக வேண்டாம். டிக்கெட் போடும் முன் நம் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பார்த்துவிடுங்கள். 2023-ல் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. ஓட்டலிலேயே கார் அனுப்பச் சொல்லிவிடுவது நல்லது.

ஐரோப்பா பேக்கேஜில் ஒருவருக்கு ஆகும் பணத்தில் பெரும்பாலும் நீங்கள் இருவரும் அங்கோர் போய் வந்துவிடலாம். மீதிப் பணத்தை சார் பெயரில் போட்டுவைத்து, அடுத்த ஆண்டு அவர் இஷ்டப்படி ஐரோப்பா போங்கள். அப்போதும் பத்து நாடு வேண்டாம். ரோம் ஒன்றே ஒரு வாரத்துக்குத் தாங்கும், கொலோசியத்துக்கு உள்ளேயும் போகலாம்.

இருவரும் முதல்முறை என்பதால் பாஸ்போர்ட் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தால் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கிறதா என்று பாருங்கள். கம்போடியாவுக்கு இ-விசா உண்டு. அந்நாட்டு அரசின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதே பெயர் சாயலில் கூடுதல் கட்டணம் பிடுங்கும் தனியார் தளங்களும் இருக்கின்றன, மருமகனை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.