மால்வெர்ன் மலையில் ஏற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், தம்பி

தம்பி, வாடகை, கார், பையனின் ஸ்கூல், ஹீட்டிங் பில், இந்தியன் கடை என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். மனைவிக்கு இங்கிலாந்தில் வூஸ்டரில் நர்ஸ் வேலை, கிரேட் மால்வெர்னில் வீடு பார்த்திருக்கிறோம், பின்பக்கம் பெரிய மலை தெரிகிறது, அது யாருக்குச் சொந்தம், நம்மைப் போன்றவர்கள் ஏறலாமா, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று. மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இந்தக் கடைசி வரிக்கு வருகிறேன்.

தாராளமாக ஏறலாம். டிக்கெட் கிடையாது, பூட்டிய கேட் கிடையாது, ராத்திரி போனாலும் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. கார் நிறுத்தத்தான் காசு. நீங்கள் ஊருக்குள்ளேயே இருக்கப்போவதால் அந்தச் செலவும் இல்லை.

"வேலியைத் தாண்டினால் போலீஸ் வரும்" என்று உங்களிடம் சொன்னவர் யாரென்று தெரியாது. ஆனால் அந்த ரகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வந்து பதினைந்து வருடம் ஆகியிருக்கும், மலையை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார். சனிக்கிழமை பர்மிங்காம் பக்கம் போய் டிவிடேல் பாலாஜி கோவில், அப்படியே முருங்கைக்காய், ஃப்ரோசன் பரோட்டா; ஞாயிற்றுக்கிழமை தூக்கம். கோவிலுக்குப் போவதைக் குறை சொல்லவில்லை, நானும் போகிறவள்தான். ஆனால் தான் கால் வைக்காத இடத்தைப் பற்றி அடுத்தவனைப் பயமுறுத்துகிறார்களே, அதுதான் எனக்கு ஆகாது.

அது யாருக்குச் சொந்தம் என்று கேட்டீர்கள். அதற்கு ஒரு கதை இருக்கிறது. நார்மன் அரசர்கள் காலத்தில் இந்த மலையும் சுற்றியுள்ள காடும் வேட்டைக்கு ஒதுக்கிய இடம். 13-ஆம் நூற்றாண்டில் கிழக்குப் பக்கம் குளோஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேர், மேற்குப் பக்கம் ஹெரஃபோர்டு பிஷப். யார் காட்டில் யார் வேட்டையாடுவது என்று இரண்டு பேருக்கும் வழக்கு. அந்தச் சண்டையில் எல்லை காட்ட மலை முகட்டிலேயே நீளமாகப் பள்ளமும் கரையும் வைத்தார்கள், 1287 வாக்கில். அதில் சில பகுதிகள் அதற்கும் வெகுகாலம் முந்தியவை என்று தொல்லியல்காரர்கள் சொல்கிறார்கள். இன்றைக்கும் அந்தக் கரையை ஒட்டித்தான் நடப்போம். சாதாரண மண்மேடு என்று நினைத்து அதன்மேல் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உட்காரட்டும், தட்டை அங்கேயே போட்டுவிட்டு வருவதுதான் வயிற்றெரிச்சல்.

அப்புறம் 1630-களில் முதலாம் சார்ல்ஸ் மன்னர் பணத்தட்டுப்பாட்டில் இந்தக் காட்டை விற்கப் பார்த்தார். ஆடு மாடு மேய்த்துப் பிழைத்த ஊர்க்காரர்கள் விடவில்லை. கடைசியில் மன்னருக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பொதுமேய்ச்சலுக்கு என்று முடிந்தது. அந்தப் பொதுநிலத்தையும் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப்போட ஆரம்பித்தார்கள், கல்லுடைக்க ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்க 1884-இல் இந்த மலைக்கென்றே பார்லிமென்டில் தனிச் சட்டம் போட்டு ஒரு காப்பு அமைப்பை உண்டாக்கினார்கள். இன்று மால்வெர்ன் ஹில்ஸ் டிரஸ்ட் என்ற பெயரில் ஏறத்தாழ 1,200 ஹெக்டேரைப் பார்த்துக்கொள்வது அதுதான். நீங்கள் குடிபோகும் பகுதியில் கவுன்சில் டாக்ஸோடு (நம்மூர் வீட்டுவரி மாதிரி) ஒரு சின்னத் தொகை அந்த டிரஸ்டுக்குப் போகிறது. ஆக, மலையின் பராமரிப்புக்கு நீங்களும் காசு கொடுப்பவர். அதன் உறுப்பினர்களில் ஒரு பகுதியை இந்த வட்டார வாக்காளர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தியக் குடிமக்களுக்கு காமன்வெல்த் முறையில் இங்கே ஓட்டு உண்டு. வீடு மாறியதும் பதிவு செய்துவிடுங்கள். இதை ஏன் ஒருவரும் புதிதாக வருபவர்களிடம் சொல்வதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

உள்ளூர்க்காரர்கள் நம்மைப் பார்த்து முகம் சுளிப்பார்களோ என்ற பயம் வேண்டாம். அவர்கள் இன்னும் மறக்காத கூட்டம் வேறு. 1992 மே மாதம் மலை அடிவாரத்தில் காசில்மார்ட்டன் பொதுநிலத்தில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் வேனிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கி ஒரு வாரம் ஸ்பீக்கர் வைத்து ஆடிய கதையை வயதானவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் பொரிந்து தள்ளுவார்கள். எதிரே வருபவருக்கு ஒரு "மார்னிங்", காற்றைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவு போதும். உச்சியில் புளூடூத் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

சரி, இனி பயப்பட வேண்டிய விஷயங்களுக்கு வருகிறேன். மலை உயரம் கம்மி, மிக உயர்ந்த வூஸ்டர்ஷயர் பீக்கனே 425 மீட்டர்தான். நம்மூர்க்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் போடிக்காரி, எனக்கும் அது குன்றுதான். ஆனால் செவர்ன் ஆற்றுச் சமவெளியில் படுத்திருக்கும் எருமை முதுகு மாதிரி, வடக்கு தெற்காக 13 கிலோமீட்டருக்குத் திடீரென்று எழும்பி நிற்கிறது. மேற்கே வேல்ஸ் பக்கமிருந்து வரும் காற்றுக்கு முதல் அடி இதன்மேல்தான். கீழே கடைத்தெருவில் ஸ்வெட்டர் போதும் என்றிருக்கும், மேலே காது அறுந்துவிடும். மழை பட்ட புல்லில் கேன்வாஸ் ஷூ நிற்காது. நல்ல பிடிமானமுள்ள பூட்ஸ் வாங்குங்கள், சோபா அப்புறம் வாங்கலாம்.

பனிமூட்டம் இறங்கினால் முகட்டில் கிழக்கு எது, மேற்கு எது என்று தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரியும். கிழக்கே இறங்கினால் உங்கள் வீடு, மேற்கே இறங்கினால் ஹெரஃபோர்டுஷயர். அப்படி இறங்கிவிட்டால் பதற வேண்டாம், கோல்வால் ஸ்டேஷனுக்கு நடங்கள். அங்கிருந்து மலைக்கு அடியில் சுரங்கம் வழியாக ரயில் அடுத்த ஸ்டாப்பிலேயே கிரேட் மால்வெர்னில் விட்டுவிடும். ஃபோனை மட்டும் நம்பாமல் ஓ.எஸ். (ஆர்டினன்ஸ் சர்வே, இங்குள்ள அரசு நில அளவைத் துறை) எக்ஸ்ப்ளோரர் 190 வரைபடம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கோடு போட்டிருந்தால் பொதுப்பாதை, வயலுக்கு நடுவே போனாலும் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

தெற்கே கல்லட் என்று ஒரு பழைய கல்குவாரி, தண்ணீர் நிறைந்து பார்க்க நீலமாக அழகாக இருக்கும். இறங்கவே கூடாது. கோடை வெயிலிலும் அடியில் உறைய வைக்கும் குளிர். 2013 கோடையில் சில நாள் இடைவெளியில் இரண்டு பேர் மூழ்கிப்போனார்கள். கிணற்றில் குதித்து வளர்ந்த பையன்கள்தான் இதைக் கேட்க மாட்டார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். இங்கிலாந்தில் பாம்பு இல்லை என்பதும் பொய். விரியன் இனத்துப் பாம்பு இந்த மலையிலேயே இருக்கிறது, மார்ச், ஏப்ரல் வெயிலில் பாதையோரம் சுருண்டு கிடக்கும். சீண்டாமல் விலகிப் போங்கள். பெரணிப் புதருக்குள் நடந்து வந்தால் அன்றே பையனின் முழங்கால் மடிப்பைப் பாருங்கள், உண்ணி ஒட்டியிருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கு இருட்டு, அதை நினைவில் வைத்துக் கிளம்புங்கள்.

வீடு பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். கிரேட் மால்வெர்ன் மலைக்குக் கிழக்கே இருப்பதால் பிற்பகலிலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். சரிவை ஒட்டிய வீடுகளின் அடித்தள அறையை மட்டும் எடுக்காதீர்கள். நான் 2000-களின் தொடக்கத்தில் வந்தபோது ஏஜென்சிக்காரர் காசை வாங்கிக்கொண்டு அப்படி ஓர் அறையில்தான் என்னை இறக்கிவிட்டார். சுவரைத் தொட்டால் விரல் நனையும், அலமாரியில் வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சை. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதற்கு "ஊரில் இதைவிட நன்றாகவா இருந்தீர்கள்" என்று கேட்டார், அவரும் தமிழர்தான். புதியவர்களைக் கறப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. அதைப் பேசினால் இன்றைக்கு முடியாது, விடுங்கள்.

அப்போது ஒரு நர்ஸிங் ஹோமில்தான் அடாப்டேஷன், அதாவது வெளிநாட்டு நர்ஸ்கள் இங்கே பதிவு பெறச் செய்யும் பயிற்சி, செய்தேன். அங்கிருந்த ஒரு பாட்டிதான் எனக்கு மலையைச் சொல்லிக்கொடுத்தார். அவர் அப்பா குவாரித் தொழிலாளி. வெடி வைக்கும் முன் சங்கு ஊதுவார்களாம், உடனே தெருவே ஓடிப்போய்க் கொடியில் காய்கிற துணியை உள்ளே எடுக்குமாம், இல்லையென்றால் வெள்ளைத் துணியெல்லாம் செம்புழுதி. மலையைப் பல்லில் கடித்த மாதிரி ஆங்காங்கே செங்குத்தாக வெட்டியிருப்பது அந்தக் காலத்து வேலை. 1970-களில்தான் ஒருவழியாக நின்றது. அந்த வெட்டில்தான் உள்ளே இருக்கும் கல் தெரியும், இளஞ்சிவப்பும் கரும்பச்சையும் கலந்து. ஏறத்தாழ 68 கோடி வருடப் பழமை. கையை வைத்துப் பாருங்கள், சொரசொரவென்று மணல் கல்லாக இருக்காது, வெட்டிய முகம் மழுமழுவென்று சில்லென்று இருக்கும்.

கல் அவ்வளவு கடினம் என்பதால்தான் மால்வெர்ன் ஊற்றுத் தண்ணீருக்குச் சுத்தமானது என்று பெயர். விரிசல் வழியாக இறங்கி வரும் மழைநீரில் பெரிதாக எதுவும் கரைவதில்லை. ஜான் வால் என்ற வூஸ்டர் டாக்டர் 18-ஆம் நூற்றாண்டில் அதைச் சோதித்துப் பார்த்து, இதில் எதுவுமே இல்லை, அதனால்தான் நல்லது என்கிற முடிவுக்கு வந்தார். வூஸ்டரின் முதல் மருத்துவமனையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர், உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். 1842-இல் வில்சன், கல்லி என்று இரண்டு டாக்டர்கள் வந்து இதையே பெரிய வைத்தியமாக்கிவிட்டார்கள். விடியற்காலை எழுப்பி, ஈரத்துணியில் சுற்றி வைத்து, பிறகு மலையேற விட்டு, ஊற்றுக்கு ஊற்று தண்ணீர் குடிக்க வைப்பது. அதற்குக் காசு கொடுக்கப் பெரிய மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். டார்வினும் வந்தார், குணமானதாகவும் நம்பினார். அந்த நம்பிக்கையில் 1851-இல் மகள் ஆனியை இங்கே சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். பத்து வயது. ஏப்ரல் மாதம் இங்கேயே இறந்துபோனாள். பிரையரி சர்ச் வளாகத்தில் கல்லறை இருக்கிறது, அன்பான நல்ல குழந்தை என்ற அளவில்தான் எழுதியிருக்கிறார்கள். கடைக்குப் போகிற வழிதான், ஒருமுறை பாருங்கள்.

வந்த புதிதில் எனக்கு ஒரு குறை இருந்தது. மலை என்றால் உச்சியில் முருகன் இருக்க வேண்டாமா? இங்கே பீக்கன் உச்சியில் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காக 1897-இல் வைத்த ஒரு திசைகாட்டி மேடைதான். ஆனால் மே மாத ஆரம்பத்தில் பாருங்கள், ஒவ்வோர் ஊற்றுக்கும் பூவும் ரிப்பனும் வைத்து அலங்கரிப்பார்கள், பிள்ளைகள் செய்த காகிதப் பூ உட்பட. அதே மாதம் மேற்குச் சரிவில் பெரணி விரியும் முன் புளூபெல் பூத்து நீலமாகக் கிடக்கும். வெஸ்ட் மால்வெர்ன் சாலையோரம் ஹேஸ்லாட் ஊற்றில் வருடம் முழுக்க ஆட்கள் கேனோடு நிற்பார்கள். நானும் பிடிக்கிறேன். சுத்திகரிக்காத தண்ணீர், கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். டிகாஷனுக்கு அருமையாக இருக்கும்.

ஸ்கூலுக்கு கவுன்சில் இணையதளத்தில் விண்ணப்பம் போடுங்கள். கார் உடனே வேண்டாம், வூஸ்டருக்கு ரயில் இருக்கிறது. ஹீட்டிங் பற்றி என்னைக் கேட்காதீர்கள், என் வீட்டுக்காரரும் நானும் அதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.

கோடையில் மாமனார் மாமியார் வருகிறார்கள் என்றீர்களே, அவர்களை ஊரிலிருந்து செயின்ட் ஆன்ஸ் ஊற்றுக்குப் போகும் 99 படி வழியாகக் கூட்டிப் போகாதீர்கள், அதற்கு மேலும் ஏற்றம்தான். வைச் கணவாயில் காரை நிறுத்தினால் பீக்கன் வரை நல்ல பாதை, முழங்கால் வலிக்காரர்களும் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். மாமனார் வேட்டியோடு கிளம்பினால் மட்டும் தடுத்துவிடுங்கள், அந்தக் காற்றுக்கு அது தாங்காது.