வீட்டில் தெரிந்த கணக்கு ஹாலில் ஏன் வரவில்லை?

கேள்வி: என் மகன் பெரம்பூரில் ஸ்டேட் போர்டில் பிளஸ் டூ படிக்கிறான். வீட்டில் எந்தக் கணக்கைக் கேட்டாலும் சொல்கிறான். அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் 90-க்கு 51 தான். டைம் பத்தவில்லை என்கிறான், ஹாலில் எல்லாம் மறந்துவிட்டது என்றும் சொல்கிறான். மார்ச்சில் பொதுத்தேர்வு. இன்னொரு டியூஷன் சேர்க்கலாமா? விடைத்தாளின் படங்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: டியூஷன் சேர்க்க வேண்டாம் அம்மா. பள்ளி, ஏற்கெனவே போகும் டியூஷன் இரண்டுக்கும் நடுவே பையனுக்கு மிஞ்சுவது இரவு இரண்டு மணி நேரம். அதையும் எடுத்துவிட்டால் தானாக உட்கார்ந்து எழுதிப் பார்க்க நேரமே இருக்காது. அவனுக்கு இப்போது வேண்டியது அதுதான்.

விடைத்தாளை இரண்டு முறை பார்த்தேன். மொத்த மதிப்பெண்ணை ஒரு பக்கம் வைத்துவிட்டு, போன 39 எங்கே போனது என்று எண்ணினேன். பகுதி ஒன்றில் இருபது ஒரு மதிப்பெண் கேள்விகளில் 14 சரி, 4 தப்பு, 2 வெற்றிடம். பகுதி இரண்டில் பத்தில் ஏழு எழுதினால் போதும், தம்பி ஒன்பது எழுதியிருக்கிறான். கிடைத்தது 14-க்கு 11. பகுதி மூன்றிலும் பத்தில் ஏழுதான். ஏழு எழுதியிருக்கிறான், ஆனால் அந்த ஏழில் ஒன்றாக இருந்தே ஆக வேண்டிய கட்டாய வினா 40-ஐத் தொடவில்லை. அதனால் ஒரு விடை கணக்கில் வராமல் 3 மதிப்பெண் போனது. ஸ்டெப் விட்டதில் இன்னும் 2. பகுதி நான்கில் ஏழு ஐந்து மதிப்பெண் கணக்குகளில் மூன்றைத்தான் எழுதியிருக்கிறான், அதில் 10 வந்திருக்கிறது. மீதி நான்கும் காலி. அங்கே மட்டும் 20.

எழுதாத நான்கு, வெற்றிடம் விட்ட இரண்டு, கட்டாய வினா ஒன்று. கூட்டினால் 25. போன 39-ல் 25 மதிப்பெண், பேனாவே தொடாத இடத்தில் போயிருக்கிறது. காலியாக விட்ட நான்கில் மூன்றை வீட்டில் போட்டுக் காட்டினான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 15-ம் கட்டாய வினாவின் 3-ம் சேர்ந்திருந்தால் 69. புதிதாக ஒரு பாடமும் படிக்காமல்!

நேரம் எங்கே போனது என்பதும் அவன் சொன்னதிலேயே இருக்கிறது. ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கே 50 நிமிடம் ஆகியிருக்கிறது. மொத்தம் 180 நிமிடம், 90 மதிப்பெண், அதாவது மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம். நான் மாணவர்களுக்குச் சொல்லும் கணக்கு இது: பகுதி ஒன்றுக்கு 25 நிமிடம், ஐந்து மதிப்பெண் கணக்கு ஒவ்வொன்றுக்கும் 10, மூன்று மதிப்பெண்ணுக்கு 6, இரண்டு மதிப்பெண்ணுக்கு 4. கூட்டினால் 165 வரும். சரிபார்க்க 15 நிமிடம் கையில் நிற்கும். தம்பி கூடுதலாக எழுதிய இரண்டு சிறு வினாக்கள் தின்ற நேரம், கிட்டத்தட்ட ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கின் நேரம்.

வரிசையையும் மாற்றச் சொல்லுங்கள். பகுதி ஒன்று முடிந்ததும் நேராக நான்குக்குப் போகட்டும், பிறகு மூன்று, கடைசியாக இரண்டு. வரிசையாக எழுதுவதே நல்லது என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. வேகமாக எழுதும் பிள்ளைக்கு அது சரி. நிதானமாக எழுதும் பிள்ளைக்குக் கடைசி அரை மணியில் பெரிய கணக்குகள் காத்திருந்தால் கை நடுங்கும். அந்த நேரத்தில் இரண்டு மதிப்பெண் கணக்கு மிஞ்சியிருந்தால் சமாளித்துவிடலாம். எந்த வரிசையில் எழுதினாலும் வினா எண்ணைத் தெளிவாகப் போட வேண்டும்.

பொதுத்தேர்வில் 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்தால், முதல் 10 நிமிடம் படிக்க, அடுத்த 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15-க்குத்தான் எழுத்து தொடங்கும். நிறைய பிள்ளைகள் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு மதிப்பெண்ணுக்கு விடை தேடுகிறார்கள். அது வேண்டாம். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பகுதி நான்கின் ஏழு ‘அல்லது’ வினாக்களிலும் எந்தப் பக்கம் என்று அப்போதே முடிவு செய்ய வேண்டும். பிறகு கட்டாய வினாக்கள் 30, 40 இரண்டையும் பார்த்துவிட வேண்டும். தாளில் எதையும் குறிக்கக் கூடாது, மனதில் வைத்தால் போதும். பாதிக் கணக்கு எழுதிய பிறகு ‘அல்லது’க்குத் தாவுவதுதான் ஹாலில் நான் அதிகம் பார்த்த நேர விரயம்.

அந்த இரண்டு வெற்றிடத்துக்குக் காரணம், நீட் பயிற்சிக்குப் போகும் நண்பன் தெரியாததை விட்டுவிடச் சொன்னது என்று எழுதியிருந்தீர்கள். நீட்டில் சரிக்கு 4, தப்புக்கு ஒன்று குறைப்பார்கள். அங்கே யோசித்துத்தான் விட வேண்டும். நம் பொதுத்தேர்வில் தப்புக்கு மைனஸ் கிடையாது. ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடக் கூடாது. குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது தாளிலேயே அச்சாகியிருக்கும்.

தெரியாது என்று தோன்றும் கேள்வியிலும் பிடி கிடைக்கும். அணிகள் (மேட்ரிக்ஸ்) பாடத்தில் ஒரு கேள்வி: ஓர் அணியின் சேர்ப்பு அணிக்கு (அட்ஜாயின்ட்) மறுபடியும் சேர்ப்பு அணி கண்டால், அதன் அணிக்கோவை (டிடர்மினன்ட்) மூல அணிக்கோவையின் 9-ஆம் அடுக்கு. அணியின் வரிசை, அதாவது அதில் எத்தனை நிரை, என்ன? விடைகள் 3, 4, 2, 5. வரிசையில் ஒன்றைக் கழித்து வர்க்கம் எடுத்தால் அந்த அடுக்கு வரும் என்ற ஒரு விதி நினைவிருந்தால் போதும். 3 போட்டால் 4 வருகிறது. 4 போட்டால் 9. முடிந்தது, அரை நிமிடம். கீழே கொடுத்த நான்கு விடைகளும் உதவிக்குத்தான் இருக்கின்றன என்று தம்பிக்குச் சொல்லுங்கள்.

‘முதலில் தோன்றியதுதான் சரி, மாற்றாதே’ என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்வோம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1,561 மாணவர்களின் தாள்களில் அழித்து மாற்றிய விடைகளை எண்ணி 2005-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாற்றியவற்றில் 51 சதவீதம் தப்பிலிருந்து சரிக்குப் போனவை, 25 சதவீதம்தான் சரியிலிருந்து தப்புக்கு. ஆகவே காரணம் தெரிந்தால் தயங்காமல் மாற்றலாம். பயத்தில் மட்டும் மாற்ற வேண்டாம்.

இனி ‘மறந்துவிட்டது’ என்பதற்கு வருகிறேன். அவன் பொய் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக் கணக்கைக் கண்ணால் ஓட்டும்போது அடுத்த வரி தெரிந்ததுபோலவே இருக்கும், கண் முன்னே இருப்பதால். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் மறுபடி படித்தார்கள், இன்னொரு சாரார் தாளை மூடி நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்களே முன்னே: அவர்கள் நினைவுகூர்ந்தது 81 சதவீதம், மூடி எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்து அவர்கள் 42, மூடி எழுதியவர்கள் 56. இரவு படித்து உடனே உங்களிடம் ஒப்பிக்கும் தம்பி, அந்த ஐந்து நிமிடக் கணக்கில்தான் நிற்கிறான்.

அதனால் இரவில் இரண்டு கணக்கு போதும். ஒருமுறை படித்து, நோட்டை மூடி, வெள்ளைத் தாளில் முழுவதும் எழுத வேண்டும். நின்றுபோன வரியில் சிவப்பில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, பிறகு திறந்து பார்க்கலாம். அதே கணக்கை மூன்று நாள் கழித்து மறுபடி. நீங்கள் கேள்வி கேட்டுச் சரிபார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மூடிய நோட்டும் எழுதிய தாளும் இருந்தால் போதும்.

ஞாயிறுதோறும் காலை 10 முதல் 1.15 வரை பழைய வினாத்தாள் ஒன்றை முழுதாக எழுதட்டும். செல்போன் உங்களிடம் இருக்கட்டும். மேஜையில் கைக்கடிகாரம். வீட்டில் சத்தம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து படிக்கத் தனி இடம் இருக்கிறது, நண்பனோடு போகலாம். மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதக் கைக்கும் முதுகுக்கும் பழக்கம் வேண்டும். இதுவரை வருடத்துக்கு மூன்று நான்கு முறைதான் அது நடந்திருக்கிறது.

இயற்பியல், வேதியியலில் எழுத்துத் தேர்வு 70-க்குத்தான், நேரம் அதே மூன்று மணி. அங்கே நெருக்கடி குறைவு. கட்டாய வினா எண்கள் 24, 33 என்பதை மட்டும் மனதில் பதிய வையுங்கள்.

திருத்தும் மேஜையில் பல வருடம் உட்கார்ந்தவள் என்பதால் இதையும் சொல்கிறேன். விடை தப்பானாலும் சூத்திரத்துக்கும் சரியான படிகளுக்கும் மதிப்பெண் உண்டு. கடைசி வரியில் விடை வரவில்லை என்று கோபத்தில் முழுக் கணக்கையும் அடித்துவிட்டு வரும் பிள்ளைகளின் தாளைப் பார்க்கும்போது மனசு கேட்காது. ஐந்தில் மூன்று மதிப்பெண்ணாவது போட்டிருப்போம். அடிக்காமல் விட்டு வரச் சொல்லுங்கள்.

இந்த ஞாயிறு எழுதியதும், பகுதி நான்கில் எத்தனை கணக்கைத் தொட்டான் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். மொத்த மதிப்பெண் இப்போதைக்கு வேண்டாம்.