உயரமானவருக்கு எந்த அயர்ன்?

கேள்வி: என் உயரம் 6 அடி 4 அங்குலம், வலக்கை ஆட்டக்காரன். கோல்ஃபில் அயர்ன் எனப்படும், தட்டையான உலோகத் தலை கொண்ட மட்டையால் அடிக்கும் பந்து அடிக்கடி வலப்பக்கமே விலகுகிறது. நீளமான மட்டை வாங்கினால் சரியாகுமா?

பதில்: உயரத்தை மட்டும் வைத்து மட்டை வாங்குவது, காலை அளக்காமல் ஆளைப் பார்த்துச் செருப்பு வாங்குவதைப் போன்றது. காலணியுடன் நிமிர்ந்து நின்று, கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டிலிருந்து தரை வரையுள்ள தூரத்தை வேறொருவரைக் கொண்டு அளந்துகொள்ளுங்கள்; கை நீண்டவர்களுக்கு ஆறடிக்கு மேற்பட்ட உயரத்திலும் வழக்கமான நீளமே போதுமானதாக இருப்பதுண்டு.

உங்கள் விஷயத்தில், தண்டு தரையோடு அமையும் 'லை' கோணத்தின் மீதே எனக்குச் சந்தேகம். அது உங்களுக்குத் தாழ்வாக இருந்தால், அடிக்கும் கணத்தில் மட்டைத் தலையின் குதிகால் பகுதி (தண்டை ஒட்டிய முனை) எழும்பி, மறுமுனையான நுனி தரையில் பதிந்து, மட்டையின் முகம் வலப்புறம் நோக்கிவிடும். 7ஆம் எண் அயர்னின் அடிப்பகுதியில் டேப் ஒட்டி, கடினமான பலகையின் மேலிருந்து சில பந்துகளை அடித்துப் பாருங்கள். தேய்ந்த தடம் நுனிப் பக்கம் விழுந்தால் கோணத்தை நிமிர்த்த வேண்டும். உலோகத்தைக் காய்ச்சி அடித்து உருவாக்கிய மட்டைத் தலைகளைப் பட்டறையில் ஓரிரு டிகிரி வளைத்துவிடலாம். வார்ப்பில் செய்தவை அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. தண்டை அரை அங்குலம் நீட்டினாலே கோணம் ஏறத்தாழ 1 டிகிரி நிமிர்ந்ததற்குச் சமமாகும் என்பதால், நீளத்தை முடிவு செய்த பிறகே கோணத்தில் கை வையுங்கள்.